மொட்டைத் தலையில் முடி முளைத்தது

மூன்று நாளாக எங்கள் வீட்டுக்கு வரவே ஆட்கள் பயப்படுகிறார்கள். வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, உள்ளேயிருந்து காபி வருவதற்குள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிடுகிறேன். "இது முன்னாடி இருந்தது. கேட்டீங்களா? இப்போ இதைக் கேளுங்க!" பால்காரர் கேட்டாயிற்று. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுக் கேட்டார். "ரெண்டும் நாயனந்தானே சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அவரை மன்னித்துவிட்டேன். என் மனைவியை மன்னிக்க முடியவில்லை. "நீங்களே கெடுத்தீங்க, நீங்களே சரி பண்ணிட்டீங்க, இதுல என்ன பெருமை?" என்கிறாள்.

பெருமைதான். சொல்கிறேன், கேளுங்கள்.

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்வது என் பிழைப்பு. பதினான்கு வருஷம் ஆகிறது. படத்தில் பிழை வந்தால் மறைக்கத் தெரியும். இருட்டாக இருந்தால் தூக்கலாம், மஞ்சளடித்தால் குறைக்கலாம், ஆடினால் நிறுத்தலாம். சத்தம் உடைந்தால் மட்டும் ஒரே வைத்தியந்தான் எங்கள் தொழிலில்: அதை வெட்டிவிட்டு மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவோம். ஊரில் பாதிக் கல்யாண வீடியோக்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஏன் சினிமாப் பாட்டு ஓடுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ரசனை மட்டும் காரணம் இல்லை.

போன ஆவணி முகூர்த்தத்தில் நடந்தது இது. பெண் வீட்டார் ரசிகர்கள். நாயனத்துக்கு எழுபதைத் தாண்டிய ஒரு வித்வானை வரவழைத்திருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து எல்லோரும் பந்திக்கு நகர்ந்த நேரத்தில் அவர் தோடியை எடுத்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தவர். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் நாயனத்தில் தோடி எடுக்கிற எவரும் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சீவாளியை வாயில் வைப்பார்கள். இவரும் அப்படித்தான் தொடங்கினார். காந்தாரத்தை ஒரு அசை அசைத்தார் பாருங்கள், பந்தியில் இலை போட்டவர்கூட நின்றுவிட்டார்.

நான் நல்ல சத்தம் வேண்டும் என்று பேராசைப்பட்டேன். கேமரா மைக்கை நம்பாமல், மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து நேராகக் கேமராவில் செருகினேன். மிக்ஸரிலிருந்து வருவது லைன் லெவல். ஒரு வோல்ட்டுக்குப் பக்கம் வரும். கேமராவின் மைக் துளை எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். கல்லணை மதகைத் திறந்து பாலாடையில் பிடிக்கிற வேலை. மீட்டர் சிவப்பில் போய் முட்டியது. நான் புத்திசாலித்தனமாகக் கேமராவில் கெயினைக் குறைத்தேன். மீட்டர் பச்சைக்கு வந்தது. நிம்மதியாகப் போய் ரசம் சாதம் சாப்பிட்டேன்.

மறுநாள் எடிட்டிங் மேசையில் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் போட்டுக் கேட்டால், தோடி இல்லை. தகர டப்பாவுக்குள் வண்டு. ஒவ்வொரு கார்வையின் மீதும் ஒரு கரகரப்பு. தவில் அடி ஒவ்வொன்றும் பலகையில் ஆணி அறைவது போல. காந்தாரத்தின் அசைவு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அதே வாரம் வித்வானிடமிருந்து போன்: "தம்பி, அந்த தோடியை மட்டும் எனக்கு ஒரு காப்பி குடுங்க. பேத்தி கேட்டுக்கிட்டே இருக்கா." வயிற்றில் புளி கரைத்தது.

முதலில் எல்லோரும் செய்கிற முட்டாள்தனங்களை நானும் வரிசையாகச் செய்தேன். ஸ்பீக்கரில் கோளாறோ என்று ஹெட்ஃபோனில் கேட்டேன். டைம்லைனில் வால்யூமைத் தூக்கி வைத்திருக்கிறேனோ என்று பார்த்தேன். (இது உண்மையிலேயே பல பேருக்கு நடக்கும். நாலைந்து டிராக் சேர்ந்து மாஸ்டரில் முட்டினால் கேட்கும்போது உடையும். மூலக் கோப்பு பத்திரமாக இருக்கும். அந்த நோய்க்கு ஃபேடரை இறக்கினால் போதும்.) என் மூலக் கோப்பே உடைந்திருந்தது. வால்யூமைக் குறைத்தேன்; சின்னக் குரலில் கரகரத்தது. ஈக்குவலைஸரில் மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டினேன். கம்பளிக்குள் முகத்தை மூடிக்கொண்டு கரகரத்தது. நாய்ஸ் ரிடக்ஷன் போட்டேன். அது அமைதியான இடத்தில் இருக்கும் இரைச்சலைக் கற்றுக்கொண்டு மற்ற இடங்களில் கழிக்கிற கருவி. ஃபேன் சத்தம், ஏசி சத்தம் என்றால் அழகாகத் துடைக்கும். இங்கே வித்வான் மூச்சு விடும்போது கரகரப்பே இல்லை. அவர் ஊதும்போதுதான் அதுவும் பிறக்கிறது. கற்றுக்கொள்ள அதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

அப்புறந்தான் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினான்கு வருஷத் தொழிலில் அவ்வளவு கிட்டப்போய் நான் ஒரு ஒலியலையைப் பார்த்ததில்லை.

வித்வானுக்கு ரெண்டரைக் கட்டை. அந்த ஷட்ஜம் ஏறக்குறைய 311 ஹெர்ட்ஸ். வீடியோவின் ஒலி நொடிக்கு 48,000 புள்ளிகளாகப் பதிவாகிறது. வகுத்துப் பாருங்கள்: ஷட்ஜத்தின் ஒரு முழு அலைக்கு 154 புள்ளி கிடைக்கிறது. புள்ளிகள் கோலப்புள்ளி மாதிரி ஏறுகின்றன, வளைகின்றன, உச்சிக்கு வருகிற நேரத்தில் கத்தியால் சீவினாற்போல ஒன்பது புள்ளி ஒரே உயரத்தில் படுத்திருக்கின்றன. மறுபடி சரிவு. கீழேயும் அதே சீவல். அடுத்த அலை, அதே. மொட்டை, மொட்டை, மொட்டை. திருப்பதி வரிசை மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. அந்தத் தட்டையான முனைகளின் கூர்மைதான் கரகரப்பு. நாயனத்தில் இல்லாத மேல்சுரங்களை அதுதான் உண்டாக்குகிறது. ஒத்தும் இரண்டாம் நாயனமும் சேர்ந்து ஒலிக்கும்போது அவை ஒன்றோடொன்று மோதி, எந்தச் சுருதிக்கும் சேராத சுரங்களையும் பெற்றுப்போடுகின்றன. வால்யூமைக் குறைத்து ஏன் பயனில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. மொட்டையடித்தவரைத் தூரத்தில் நிறுத்தினால் தலை சின்னதாகத் தெரியும், முடி வந்துவிடாது.

இன்னொன்றும் தெரிந்தது, என் கர்வத்தை அடித்துப்போட்டது. சாதாரணமாக மொட்டை விழுவது பூஜ்ய டெசிபெல்லில். டிஜிட்டலின் கூரை அது. என் கோப்பில் தட்டை இருந்தது 0.6 உயரத்தில், அதாவது கூரைக்கு நாலரை டெசிபெல் கீழே. கேமராவின் வாசலிலேயே மின்னழுத்தம் முட்டி மொட்டையாகிவிட்டது. நான் கெயினைக் குறைத்தபோது மொட்டையான அலைதான் குறைந்து உள்ளே போயிருக்கிறது. மீட்டர் பச்சை காட்டியதற்கு அதுதான் அர்த்தம். பச்சையைப் பார்த்துவிட்டு ரசம் சாதம் சாப்பிடப் போனவன் நான்.

இனி கதாநாயகன் வருகிறான். ஆடாசிட்டி. காசே கேட்காத மென்பொருள். 1999-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பர்க்கும் தொடங்கி, 2000-இல் வெளிவந்தது. பார்ப்பதற்குப் பழைய அரசாங்க அலுவலகத்தின் கணினித் திரை மாதிரி இருக்கும். அதில் ஒலியைப் பதிவுசெய்வதும் வெட்டுவதும் எனக்குத் தெரியும். எஃபெக்ட் பட்டியலின் ஒரு மூலையில் 'கிளிப் ஃபிக்ஸ்' என்று ஒன்று இருப்பதை அத்தனை வருஷம் பார்த்தும் பார்க்காதவனாக இருந்திருக்கிறேன்.

அது செய்வது என்ன தெரியுமா? தட்டையான இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அந்த ஒன்பது புள்ளிகளையும் பொய் என்று தள்ளிவிடுகிறது. இந்தப் பக்கத் தோளில் அலை எவ்வளவு வேகமாக ஏறி வந்தது, அந்தப் பக்கத் தோளில் எவ்வளவு வேகமாக இறங்கிப் போனது என்று பார்த்து, நடுவில் உச்சி எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று வளைவு போட்டுத் தருகிறது. இதை மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஓடி வந்து தாண்டியவனைச் சுவர் மறைத்துவிட்டது. கால் தரையைவிட்ட இடமும் விழுந்த இடமும் தெரிகிறது. எவ்வளவு உயரம் தாண்டினான் என்று சொல்ல முடியாதா? சொல்லிவிடுகிறது!

முதல் முயற்சியை நான் சொதப்பினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவியில் இரண்டே திருகு. ஒன்று, எந்த உயரத்துக்கு மேல் மொட்டை என்று கணக்கு எடுக்க வேண்டும். அது 95 சதவீதத்தில் நிற்கும். இன்னொன்று, வளர்ந்து வரப்போகிற உச்சிக்கு இடம்விட எவ்வளவு குறைக்க வேண்டும். அது மைனஸ் 9 டெசிபெல்லில் நிற்கும். அப்படியே மொத்தப் பதிவையும் தேர்ந்தெடுத்து ஓட்டினேன். சத்தம் குறைந்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. அந்த 95 சதவீதம் என்பது தேர்ந்தெடுத்த பகுதியின் மிக உயர்ந்த புள்ளியிலிருந்து எண்ணப்படுவது. நான் கெயினைக் குறைப்பதற்கு முன்னால் யாரோ மைக்கைத் தட்டியதில் ஒரே ஒரு சிலும்பு கூரை வரை போயிருந்தது. அதை வைத்து எண்ணினால் 0.6 உயரத்தில் படுத்திருக்கும் என் மொட்டைகள் அதன் கண்ணிலேயே படவில்லை. சரி என்று சேதமான ஒரு பிடியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டினேன். அந்த இடம் மட்டும் ஒன்பது டெசிபெல் இறங்கி, பக்கத்து வாக்கியம் உச்சத்தில் கத்தியது.

கடைசியில் நான் கண்டுபிடித்த முறை இது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆம்ப்ளிஃபையில் போய் மொத்தப் பதிவையும் 9 டெசிபெல் இறக்கிவிடுங்கள். பிறகு சேதமான இடங்களைச் சின்னச் சின்னதாகத் தேர்ந்தெடுத்து, கிளிப் ஃபிக்ஸில் குறைப்பைப் பூஜ்யம் என்று வைத்து ஓட்டுங்கள். வாசலில் விழுந்த மொட்டையின் ஓரம் சற்று மழுங்கியிருக்கும் என்பதால் நான் 95-ஐ 92 ஆக்கினேன்.

இரவு பதினொன்றரை மணி. காந்தாரம் வருகிற அந்த எட்டு நொடியைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். பட்டை ஓடி முடிந்தது. அலையைப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு மொட்டையிலும் ஒரு குடுமி! உருண்டையாக, வழவழவென்று, கோபுரக் கலசம் மாதிரி உச்சிகள். கேட்பதற்கு முன்பே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு கேட்டேன்.

கரகரப்பு போயிருந்தது என்று சொன்னால் அது பாதிதான். காற்று வந்திருந்தது. சீவாளியில் உதடு அழுந்துகிற அந்த ஈரம், காந்தாரம் ரிஷபத்தைத் தொட்டுவிட்டு மத்யமத்தின் மடியில் சாய்ந்து திரும்புகிற அந்த வளைவு, எல்லாம் அங்கேயே இருந்திருக்கிறது. இத்தனை நாளும் கோப்புக்குள்தான் உட்கார்ந்திருந்தது. மனைவியை எழுப்பினேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது.

தவில் அவ்வளவு எளிதாக மசியவில்லை. நாயன அலையில் ஒன்பது புள்ளிதான் போயிருந்தது. தவிலில் வலந்தலையில் கூடு போட்ட விரல் விழுந்தால் அறுபது எழுபது புள்ளி மொத்தமாகத் தரைமட்டம். தோள்கள் அவ்வளவு தள்ளி இருந்தால் எந்த வளைவும் ஊகந்தான். கிளிப் ஃபிக்ஸ் அங்கே போட்ட உச்சி வைக்கோல் போர் மாதிரி இருந்தது. அடி 'தொம்' என்று தொங்கியது. சென்னையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் நண்பனிடம் ஐஸோடோப் நிறுவனத்தின் ஆர்எக்ஸ் இருந்தது. காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள்; 2007-இலிருந்து வருகிறது. அதிலுள்ள டி-கிளிப்பில் எந்த உயரத்தில் எத்தனை புள்ளி குவிந்திருக்கிறது என்று ஒரு படமே காட்டுகிறது. என் கோப்பில் 0.6-இல் எல்லாம் போய் அப்பியிருந்தது, கோயில் யானை வாசலில் மறித்து நிற்க மக்கள் பின்னால் நெரிவது போல. கோட்டை இழுத்து அந்தக் குவியலுக்குச் சற்றுக் கீழே வைத்து, தரத்தை 'ஹை' ஆக்கினோம். பெரும்பாலான தவில் அடிகள் எழுந்து நின்றன. கிளிப் ஃபிக்ஸைவிட மேல்தான், மறுக்கவில்லை. அந்த விலைக்கு எத்தனை மடங்கு மேல் என்று கேட்டால் கல்யாண வீடியோக்காரன் என்ற முறையில் வாயை மூடிக்கொள்கிறேன்.

நாலு அடிகள் மட்டும் அதற்கும் மசியவில்லை. அவற்றுக்கு மண்டபத்தின் பின்வரிசையில் நின்ற இரண்டாவது கேமரா உதவியது. அதன் சொந்த மைக்தான். ஆனால் இருபது மீட்டர் தள்ளி நின்றதால் உடையாமல் பிடித்திருந்தது. அந்த நாலு அடியை அங்கிருந்து எடுத்து ஒட்டினேன். இருபது மீட்டரைச் சத்தம் கடக்கக் கிட்டத்தட்ட 58 மில்லிசெகண்ட் ஆகிறது, 25 ஃபிரேம் கணக்கில் ஒன்றரை ஃபிரேம். ரிசால்வில் ஃபேர்லைட் பக்கத்துக்குப் போனால் ஃபிரேமைவிடச் சின்ன அளவிலும் ஒலியை நகர்த்தலாம். (அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? சிட்னி துறைமுகத்தில் ஓடிய ஒரு படகின் பெயர். 1979-இல் ஒரு இசைக் கருவியைக் கொண்டுவந்த ஆஸ்திரேலிய நிறுவனம் அதைத் தனக்கு வைத்துக்கொண்டது. 2016-இல் அந்த நிறுவனத்தை ரிசால்வ் தயாரிக்கிற பிளாக்மேஜிக் வாங்கியது. அடுத்த வருஷமே ரிசால்வுக்குள் ஃபேர்லைட் வந்துவிட்டது.) தள்ளித் தள்ளி ஒட்டினேன். மண்டபத்தின் எதிரொலி அந்த நாலு அடியில் மட்டும் கொஞ்சம் கூடுதல். கூர்ந்து கேட்டால் தெரியும்.

கடைசியாக 50 ஹெர்ட்ஸ் கரண்ட் முனகலை ஃபேர்லைட்டிலேயே டி-ஹம்மர் போட்டு எடுத்தேன். அதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். மொட்டைக்கு வைத்தியம் எல்லாவற்றுக்கும் முதலில். ஈக்குவலைஸர், கம்ப்ரஸர் எதுவும் அலையைத் தொடுவதற்கு முன்னால். தொட்டுவிட்டால் தட்டைகள் நெளிந்துவிடும், எது மொட்டை எது தலை என்று கருவிக்கே தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை வைத்துக்கொண்டு யாராவது இதை முயன்றால் தோற்பதற்குக் காரணமும் இதுதான். சுருக்கும்போதே அலை நெளிந்துபோயிருக்கும். கேமரா கார்டிலிருந்த மூலக் கோப்பு வேண்டும்.

இப்போதெல்லாம் 32-பிட் ஃப்ளோட் பதிவுக் கருவி வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார்கள். 2019-இல் ஜூம் எஃப்6 என்ற பதிவுக் கருவி வந்ததிலிருந்து அந்தப் பேச்சுதான். உண்மைதான், பூஜ்யத்துக்கு மேலே போன அலையையும் பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மைக்கிலேயோ மிக்ஸரிலேயோ முன்கூட்டியே உடைந்து வந்த சத்தத்தை அது உடைந்தபடியேதான் பத்திரமாக வைத்துத் தரும். நான் ஐந்நூறு ரூபாய்க்குள், லைன் லெவலைக் குறைத்து அனுப்புகிற ஒரு அட்டெனுவேட்டர் வாங்கி ஒயரின் முனையில் போட்டுக்கொண்டேன். அத்தோடு முகூர்த்தத்துக்கு முன்னால் தவில்காரரிடம் போய், "அண்ணே, கெட்டிமேளம் மாதிரி ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க" என்று கேட்டுவிடுகிறேன். சிரிப்பார்கள், ஆனால் அடித்துக் காட்டுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவோடு மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு வித்வான் வீட்டுக்குப் போனேன். உடைந்ததைப் போட்டுக் காட்டும் எண்ணம் இல்லை. ஆனால் ஆர்வக்கோளாறு, போட்டுவிட்டேன். "என்ன தம்பி, நான் இப்படியா வாசிச்சேன்?" என்று முகம் சுருங்கியது. உடனே அடுத்ததைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். காந்தாரம் வந்தபோது வலது கை விரல்கள் மடியில் துளைகளைத் தேடின. தவில் வந்தது. அந்த நாலு அடி வந்தது. கண்ணைத் திறந்தார்.

"காந்தாரம் சரியா இருக்கு. தவுலு மட்டும் நாலு எடத்துல வெளித் திண்ணையில உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கே?"

நாலு! எண்ணிச் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கல்யாண வீடியோ மெமரி கார்டோ, பழைய கேசட்டோ, "சத்தம் சரியில்லை" என்று ஒதுக்கிப் போட்டது இருக்கும். இடம் போதவில்லை என்று அதை அழித்துவிடாதீர்கள். ஆடாசிட்டியை இறக்கிக்கொள்ளுங்கள், அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். தோள்கள் இருந்தால் போதும்.